ஐந்தாவது படம்

பிப்ரவரி 3

கொசுவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு நம் பக்கம் ஆளும் இல்லை.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசி எது உருப்பட்டிருக்கிறது? நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், யாராவது ஒருத்தி டொக்கென்று வைத்துவிடுவோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

வேலை விஷயம். நான் இன்னும் அதே தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில்தான் இருக்கிறேன். நீர்த்தேக்கத்திலிருந்து வாரம் ஒரு முறை தண்ணீர் வரும். அதில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, என்ன பாசி இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். நான் 'சரி' என்றால்தான் ஊருக்குக் குழாயில் தண்ணீர். இங்கே எனக்குப் 'பாசியம்மா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்கே தெரியாது.

அந்த மைக்ரோஸ்கோப்பில் ஒரு கேமராவைப் பொருத்தி, தெரிவதை டிவியில் பெரிதாகக் காட்ட முடியுமா? மேலிடத்தில் புதிது கேட்டால் என் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும். எனக்குப் பிள்ளையே இல்லை என்பது வேறு விஷயம். நீ நாள் முழுக்கக் கேமராவைப் பிரித்து மேய்கிறவள். உனக்குத் தெரியாமல் இருக்காது.

ஆய்வுக்குப் படங்கள் சேர்த்து வைக்கலாமே என்றுதான் கேட்கிறேன். வேறொன்றும் இல்லை.

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

அம்மா போனதுக்கப்புறம் உன்கிட்டேருந்து வர்ற முதல் கடுதாசி. அதுல 'நல்லா இருக்கியா'ன்னு ஒரு வார்த்தை இல்ல. பரவால்ல, நானே சொல்லிடறேன். நல்லா இருக்கேன். கடை ஓடுது. வீட்டுக்காரர் முன்னாடி உக்காந்து வர்றவங்ககிட்ட வாயடிக்கிறாரு, நான் பின்னாடி ஸ்க்ரூடிரைவரோட உக்காந்திருக்கேன். போட்டோ கடைன்னு போர்டு, ஆனா எங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணு கிடையாது.

பொருத்தலாம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீ கண்ணு வெச்சுப் பாக்குற கண்வில்லைக்கு முன்னாடி, கேமராவை லென்ஸோட அப்படியே நிறுத்தறது. சுலபம். ஆனா யாராவது மேஜை மேல டம்ளர் வெச்சாக்கூட ஆடும். இன்னொண்ணு, கண்வில்லையை உருவிட்டு, அந்த ஓட்டைக்குள்ள ஒரு குழாயைச் சொருகி, அதுக்கு மேல லென்ஸ் இல்லாத கேமராவை மாட்டறது. மைக்ரோஸ்கோப்பே கேமராவுக்கு லென்ஸ் ஆயிடும். குழாயை லேத்துல கடைஞ்சு வாங்கணும். இதுதான் உருப்படியான வழி.

ஓட்டையோட உள்வாய் எவ்வளவுன்னு அளந்து எழுது. சுமாரா எழுதாத. கொஞ்சம் பெருசானா உள்ள போகாது, கொஞ்சம் சிறுசானா லொடலொடன்னு ஆடும்.

இன்னொண்ணு கேக்கணும். உன் எழுத்து ஏன் இப்படி ஆயிடுச்சு? நீ அச்சடிச்ச மாதிரி எழுதுறவ. இதுல ஒரு வரி மேல ஏறி அடுத்த வரி மேல உக்காந்திருக்கு. 'கொசு'ங்கறதுல 'சு'வைக் காணோம், காகித ஓரத்துல தனியாக் கெடக்கு.

படம் சேக்கறதுக்கு யாரும் டிவி கேக்க மாட்டாங்க அக்கா. எதுக்குன்னு சொல்லு.

கொசு

பிப்ரவரி 25

கொசுவுக்கு,

உள்வாய் இருபத்து மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். நான் அளக்கவில்லை. எங்கள் அட்டெண்டரை அளக்கச் சொன்னேன். என்னால் அந்த அளவுகோலைப் படிக்க முடியவில்லை.

அதுதான் பதில். அம்மாவுக்கு வந்ததுதான்.

நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு கறை. விரல் பட்ட கண்ணாடி போல. எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும் இல்லை, அதைச் சுற்றி எல்லாம் இருக்கிறது. பேசுகிறவரின் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை. டாக்டர் நல்லவர். சுற்றி வளைக்கவில்லை. "நடுப்பார்வை போயிடும்மா. ஓரப்பார்வை கடைசிவரைக்கும் இருக்கும். மருந்து கிடையாது" என்றார். அம்மாவிடமும் இதையேதான் யாரோ சொன்னார்கள். அன்று நீ உடனிருக்கவில்லை.

அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் நான் வீட்டுக்குப் போய் அம்மாவின் நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நாற்காலியை நான் அறிவேன். அதில் உட்கார்ந்து அவள் நாள் முழுக்கத் தன் புடவை நுனியை மடித்து மடித்துப் பிரித்ததையும் அறிவேன்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் கறை முழு வட்டத்தையும் மூடிவிடுகிறது. டிவியில் பெரிதாக வந்தால், கறையைத் தாண்டி ஓரத்தால் பார்த்துக்கொள்வேன். இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

பரிதாபப்பட்டு எழுதாதே. குழாயைச் செய்து அனுப்பு.

அக்கா

மார்ச் 9

அக்கா,

குழாயும் கேமராவும் இந்தப் பார்சல்ல இருக்கு. கேமரா பழசு, ஒருத்தர் ரிப்பேருக்குக் குடுத்துட்டுத் திரும்பி வரவே இல்ல. நானே எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். லேத்துக்காரர் குழாயை மூணு தடவை கடைஞ்சாரு. "எந்த பீரங்கிக்கும்மா இது?"ன்னு கேட்டாரு. "எங்கக்காவோட பீரங்கிக்கு"ன்னேன். உள்பக்கம் கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்கேன், சுரண்டிடாத. அது இல்லன்னா உள்ள வெளிச்சம் பட்டுத் தெறிச்சுப் படம் வெளுத்துப் போயிடும்.

மாட்டறது சுலபம். கண்வில்லையை உருவு. குழாயோட மெலிஞ்ச பக்கத்தை உள்ள விடு. பக்கவாட்டுல இருக்குற திருகை விரலால இறுக்கு, குறடு வெக்காத. கேமராவை மேல வெச்சு 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் திருப்பு. மஞ்சள் வயர் டிவிக்கு. இதெல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு நானே செஞ்சு பாத்துட்டுத்தான் எழுதறேன். சத்தத்தை நம்பு.

பரிதாபம்லாம் படல. கோவம்தான் வருது. நான் உடனிருக்கலன்னு எழுதுற. உனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். நீ நடந்து வந்தா, வாசல்லயே அம்மா "பெரியவளா?"ன்னு கேப்பா. நான் பக்கத்துல போய் உக்காந்தா என் மூஞ்சியைத் தடவித் தடவிட்டு "யாரு?"ன்னு கேப்பா. ஒவ்வொரு தடவையும். உன் காலடி தெரிஞ்சவளுக்கு என் மூஞ்சி தெரியல. நான் அந்த வீட்ட விட்டுப் போனது ஏன்னு நீ ஒரு நாளும் கேக்கல. 'ஓடிட்டா'ன்னு எல்லாருக்கும் சொன்ன.

சரி, அது கெடக்கட்டும். ஆபீஸ்ல சொல்லிடு அக்கா. நீ பாக்குறது ஊரே குடிக்கிற தண்ணி. இதை எழுதிக்கிட்டேதான் பார்சலையும் கட்டறேன். எனக்கே என்ன பண்றேன்னு தெரியல.

கொசு

மார்ச் 24

கொசுவுக்கு,

பார்சல் வந்தது. போன கடிதத்தைத் தட்டுத்தடுமாறி நானே படித்தேன்; இதை எதிர்வீட்டுத் தையல்காரி படித்துக் காட்டினாள். இனிமேல் அவள்தான் என் தபால்காரி. நல்ல பெண். துணி வெட்டிக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். 'யாரு?' என்று அம்மா கேட்ட இடத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். "உங்க தங்கச்சி அழுதுகிட்டே எழுதியிருக்காங்க, மை கலைஞ்சிருக்கு" என்றாள். அதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

கேமரா மாட்டியாகிவிட்டது. 'டக்' வந்தது. ஆனால் டிவியில் நடுவில் ஒரு சின்ன வட்டம், சுற்றிலும் கறுப்பு. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல. அடுத்தது: பக்கத்திலுள்ள இன்னொரு கண்வில்லையில் அட்டெண்டரைப் பார்க்கச் சொல்லி, கண்ணுக்குத் தெளிவாக வைத்தால் டிவியில் மங்கல், டிவியில் தெளிவாக வைத்தால் கண்ணுக்கு மங்கல். கண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டாமே என்கிறாயா? அதுவும் சரிதான். மூன்றாவது: கூடத்துக் குளிர்பெட்டி ஓடும்போதெல்லாம் பாசி நடனமாடுகிறது.

மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, "அட, நம்ம கூடமும் முன்னேறிடுச்சே!" என்று என் முதுகில் தட்டாத குறைதான். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. சிரித்துவைத்தேன்.

சொல்லச் சொல்கிறாய். சொல்கிறேன். இது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

முதல்ல, இதைப் படிக்கிற தையல்கார அக்காவுக்கு வணக்கம். எங்கக்கா முறைப்பா. கண்டுக்காதீங்க. உள்ள ஒண்ணும் இருக்காது.

கறுப்பு வட்டத்துக்குக் காரணம், குழாய் குட்டையா இருக்கு. படம் விரிஞ்சு கேமராவை நிறைக்கறதுக்குள்ள கேமரா வந்துடுது. இதுல ஒரு வளையம் வெச்சிருக்கேன். குழாய்க்கும் கேமராவுக்கும் நடுவுல திருகு, வட்டம் பெருசாகும். குழாய்க்குள்ள போட ஒரு சின்ன லென்ஸும் இருக்கு, குமிழ் பக்கம் மேல பாக்கணும். அதுக்கப்புறம் டிவியை மட்டும் பாத்துத் தெளிவு வை. கண்ணை மறந்துடு.

ஆட்டத்துக்கு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில பழைய சைக்கிள் ட்யூபை மடிச்சுப் போடு. குளிர்பெட்டியை வேற சுவர்ப் பக்கம் தள்ளச் சொல்லு.

படத்துல எப்பவும் ஒரே இடத்துல ஒரு புள்ளி நின்னா ஏமாந்துடாத. ஸ்லைடை நகர்த்திப் பாரு. கூடவே நகர்ந்தா அது தண்ணியில இருக்கறது. நகராம நின்னா கேமராவுல இருக்குற தூசி.

கொஞ்சம் படம் எடுத்து மெமரி கார்டை அனுப்பு. ஓரமெல்லாம் தெளிவா வருதான்னு நான் பாக்கணும். இங்க கடையில வர்ற படம் எல்லாம் கல்யாணமும் பாஸ்போர்ட்டும்தான். எனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்.

ஆபீஸ்ல சொல்லிட்டியா?

கொசு

ஏப்ரல் 18

கொசுவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்லத் தையல்காரி எழுதுகிறாள். (வணக்கம். உங்கக்கா உள்ளயும் முறைப்புதான், நான் பாத்துட்டேன். இது அவங்க சொல்லல, நானா எழுதறேன்.)

வட்டம் பெரிதாகிவிட்டது. டிவி முழுக்கப் படம். ஆட்டமும் நின்றது. சைக்கிள் ட்யூப் கேட்டதற்கு அட்டெண்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஓரக்கண்ணுக்கே தெரிந்தது. பழைய பாசிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். படகு போல ஒன்று, பிறை போல ஒன்று, பச்சை நட்சத்திரம் ஒன்று. எத்தனையோ மாதமாக நான் இவற்றைப் பார்க்கவில்லை. ஞாபகத்தில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

கோடை வந்துவிட்டது. தண்ணீர் இறங்கி, நீர்த்தேக்கம் பச்சையாகக் கிடக்கிறது. இன்று காலை வந்த தண்ணீரை உன் கேமராவில்தான் பார்த்தேன். சங்கிலிப் பாசி நிறைய. கோடையில் எப்போதும் வருகிற, தீங்கில்லாத பாசி. 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். இந்த வேலை இன்னும் எனக்கு ஓடும், கொசு. அதனால் மேலதிகாரியிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. திட்டாதே.

கார்டு இதில் இருக்கிறது. எல்லாம் இன்று எடுத்த படங்கள். பார்த்து எழுது.

அம்மா உன்னை 'யாரு' என்று கேட்டதைப் பற்றி. நான் அம்மாவோடு தினமும் இருந்தேன், அதனால் என் காலடி தெரிந்தது. நீ எப்போதாவது வந்தாய். அவ்வளவுதான் காரணம். முகத்தைத் தடவி அவள் யாரையுமே அடையாளம் கண்டதில்லை, என்னையும் கண்டதில்லை. அதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

அக்கா

(நான் எழுதினது தெளிவா இருக்கா? எட்டாவதோட நின்னவ நான். உங்க அக்கா 'உன் எழுத்து நல்லா இருக்கு'ங்கறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்னுதான் தெரியல!)

ஏப்ரல் 27

அக்கா,

கார்டைக் கடை டிவியில போட்டுப் பாத்தேன். வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்து வாயைத் திறந்துட்டு நிக்கறாரு. கடைக்கு வந்த ஒருத்தர் தன்னோட பாஸ்போர்ட் படத்தை மறந்துட்டு இதையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள இவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீ இத்தனை வருஷம் இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா? என்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?

தெளிவு பிரமாதம். ஓரத்துல லேசா மங்கல், அதுக்குப் பெரிய வைத்தியம் தேவையில்ல.

அஞ்சாவது படம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பச்சை மணியா கோத்த மாலை, நடுவுல நடுவுல ஒரு மணி மட்டும் நிறமே இல்லாம, மத்ததை விடப் பெருசா, கண்ணாடி மாதிரி. எவ்வளவு அழகு! அதைப் பெருசா பிரின்ட் போட்டுக் கடைச் சுவர்ல ஒட்டிட்டேன். வர்றவங்க எல்லாரும் "எங்க வாங்கின நெக்லஸ் இது"ன்னு கேக்கறாங்க. "எங்கக்கா ஊருத் தண்ணி"ன்னு சொல்றேன்.

அம்மா விஷயம் படிச்சேன். ஒரு தடவை இல்ல, நிறைய தடவை. இதுக்கு நான் நேர்ல வந்துதான் பேசணும். லீவு போட நான் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. அடுத்த மாசம் வரட்டுமா?

தையல்கார அக்கா, உங்க எழுத்து எங்கக்கா எழுத்தை விட ஆயிரம் மடங்கு மேல்.

கொசு

மே 8

கொசு,

தடித்த பேனாவால் நானே எழுதுகிறேன். படிக்க முடிகிற அளவுக்கு இருந்தால் படி.

அது கோடைப் பாசி இல்லை. தீங்கில்லாத சங்கிலியில் எல்லா மணியும் பச்சையாக இருக்கும். நடுவில் நிறமில்லாத பெரிய மணி இருந்தால் அது வேறு. ஈரலைக் கெடுக்கிற நஞ்சு உள்ளது. கொதிக்கவைத்தாலும் போகாது. அந்த ஒரு மணியைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். கேமரா அதைப் பார்த்தது. டிவி அதைக் காட்டியது. நான்தான் பார்க்கவில்லை. ஓரக்கண்ணுக்கு நிறம் தெரிகிறது, நிறமில்லாதது தெரிவதில்லை.

உன் கடிதம் வந்தபோது தையல்காரிக்கு ஏற்கெனவே வயிற்று வலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டே படித்தாள். "கண்ணாடி மணியாம்கா, உங்க தங்கச்சி கதையே எழுதலாம்" என்று சிரித்தாள். நான் அவளை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். மறுபடியும் படித்தாள்.

எழுந்து நேரே மேலதிகாரி வீட்டுக்குப் போனேன். கண் விஷயம், பாசி விஷயம் இரண்டையும் சொன்னேன். அன்று மாலையே குழாயை நிறுத்தினார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை ஊர் அதுவரை குடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். எனக்கும் வாந்தி வந்தது. எனக்கு நின்றுவிட்டது.

தையல்காரிக்கு முன்பே காமாலை வந்த உடம்பு. கண் மஞ்சளாகிவிட்டது என்கிறார்கள்.

இப்போது வராதே. மீறி வந்தாலும் இந்த ஊரில் எதையும் குடிக்காதே.

அக்கா

மே 15

அக்கா,

போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், நீ எடுக்கல. பக்கத்து வீட்டு நம்பர் எதுவும் என்கிட்ட இல்ல. இந்தக் கடுதாசியை உனக்கு யாரு படிச்சுக் காட்டுவாங்கன்னும் தெரியல. யாரா இருந்தாலும் தயவு செஞ்சு முழுசாப் படிங்க.

நான் அந்தப் படத்தைச் சுவர்லேருந்து கிழிச்சுட்டேன். பசை போட்ட இடம் அப்படியே நிக்குது.

அக்கா, அந்தக் குழாயை நான் அனுப்பாம இருந்திருந்தா நீ மார்ச்சிலயே நிறுத்தியிருப்ப. வேற யாராவது அந்தத் தண்ணியைப் பாத்திருப்பாங்க. உனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சே நான் அதைக் கடைஞ்சு வாங்கினேன், கறுப்பு பெயின்ட் அடிச்சேன், எப்படி மாட்டறதுன்னு சொல்லியும் குடுத்தேன். 'ஆபீஸ்ல சொல்லு'ன்னு ஒரு வரி எழுதிட்டா என் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு நீ என்கிட்ட ஒண்ணு கேட்ட, அதை நல்லாச் செஞ்சு குடுக்கணும்னு மட்டும்தான் எனக்கு இருந்துச்சு.

தையல்கார அக்கா எப்படி இருக்காங்க? ஒரு வரி எழுது. ரெண்டு வார்த்தை போதும்.

கொசு

ஜூன் 20

கொசுவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

தையல்காரி போய்விட்டாள். அவளோடு இன்னும் சிலரும். மற்றவர்களை எனக்கு முகம் தெரியாது. அவள் முகமும் தெரியாதுதான். பழக ஆரம்பித்தபோதே கறை வந்துவிட்டது. குரல்தான் தெரியும்.

விசாரணை நடந்தது. மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். "உங்களுக்குக் கண் தெரியலைங்கறது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். வேலை போயிற்று. வழக்கு வரும் என்கிறார்கள். வரட்டும். கேமராவை உன்னுடையது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் தையல்காரியின் வீட்டுக்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றார்.

"உங்க கடுதாசி எல்லாத்தையும் அவதானே படிச்சா?" என்றார்.

"ஆமாம்."

"வேலையை விட்டுட்டு ஓடி வருவா. 'பாவம்ங்க, அவங்களுக்குக் கண்ணு தெரியாது'ம்பா. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு. எங்க தண்ணியையும் நீங்கதான் பாக்குறீங்கன்னு மட்டும் யாருக்கும் தோணல."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவளுக்குமாங்க தோணாம இருந்திருக்கும்?" என்றார். என்னிடம் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. நான் தைக்கக் கொடுத்திருந்த துணியை, பாதி தைத்தபடியே நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போனார்.

தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் பேசவும் இல்லை. நான் நடந்து போனால் ஒதுங்குகிறார்கள். ஓரக்கண்ணுக்கு அதெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

இனிக் கேமரா. மைக்ரோஸ்கோப் இல்லை. ஆனால் நீ அனுப்பிய வளையத்தையும் சின்ன லென்ஸையும் கேமராவில் திருகிக் கவிழ்த்து, அடியில் உன் கடிதத்தை வைத்தால், ஒரே ஒரு எழுத்து டிவியை நிறைத்து நிற்கிறது. கழுத்தைத் திருப்பி அதை ஓரத்தால் பிடிக்கிறேன். பிறகு காகிதத்தை நகர்த்தி அடுத்த எழுத்து. ஒரு வரிக்குள் காபி ஆறிவிடும். மே மாதம் வந்த கடிதத்தை இப்படித்தான் படித்து முடித்தேன். இனி நமக்கு நடுவில் யாரும் இல்லை. எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

குழாயைப் பற்றி எழுதியிருந்தாய். அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன். நீ செய்தது நன்றாக வேலை செய்தது. கையெழுத்துப் போட்டது நான்.

அக்கா

ஜூலை 6

அக்கா,

பெரிய எழுத்தா, தள்ளித் தள்ளி எழுதியிருக்கேன். உனக்கு நகர்த்தச் சுலபமா இருக்கும்.

எதை வேணும்னாலும் எழுதலாம்னு சொன்னதால எழுதறேன். யார்கிட்டயும் இன்னும் சொல்லல, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லல.

லென்ஸ் சரி பண்ணினா கட்டம் போட்ட ஒரு அட்டையைச் சுவர்ல மாட்டி அதைப் பாத்துத்தான் சோதிப்பேன். போன வாரம் ஒரு லென்ஸ்ல கட்டத்தோட நடுக்கோடு நெளிஞ்சுது. லென்ஸ் கோணலா உக்காந்திருக்குன்னு பிரிச்சு மாட்டினேன். அப்பவும் நெளிஞ்சுது. வேற லென்ஸ் போட்டேன். வேற கேமரா எடுத்தேன். கடையில இருக்குற எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேன் அக்கா. கடைசியில எல்லாத்தையும் கீழ வெச்சுட்டு வெறுங்கண்ணால பாத்தேன்.

டாக்டர் அம்மாவைப் பத்திக் கேட்டாங்க. உன்னைப் பத்திக் கேட்டாங்க. அதுக்கப்புறம் வேற எதுவும் கேக்கல.

நான் அந்த வீட்ட விட்டு ஓடினது அம்மாவைப் பாக்க முடியாமன்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன். எனக்கும் வந்துடும்னு பயந்து ஓடியிருக்கேன். அது டிக்கெட் எடுக்காமலே கூட வந்திருக்கு.

ஸ்க்ரூ எல்லாம் எறும்பு சைஸுல இருக்கும். இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்த வேலை? வீட்டுக்காரருக்குப் பேசத்தான் தெரியும், ஒரு கேமராவோட மூடியைக்கூடக் கழட்டத் தெரியாது.

நான் என்ன பண்ணணும் அக்கா? நீ முன்னாடி போறவ. சொல்லு.

கொசு

ஜூலை 24

கொசு,

படித்து முடித்துவிட்டேன். 'நெளிஞ்சுது' என்ற இடத்தில் காகிதத்தை நகர்த்தாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

சரியாகிவிடும் என்று எழுத மாட்டேன். உனக்கும் தெரியும்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல். வாடிக்கையாளர்களிடமும் சொல். நுண்ணிய வேலை எதையும் இனி வாங்காதே. 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்று உனக்குத் தோன்றும். அது தோன்றுகிற அன்றைக்கே கடையை நிறுத்து. இந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேள்.

அடுப்புக் குமிழ் எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்று கைக்குப் பழக்கு. கண்ணை மூடிக்கொண்டு பழக்கு. அது உனக்குத் தெரிந்த வித்தைதான். துணிகளை நிறம் பார்த்துப் பிரித்து, உள்பக்கம் முடிச்சுப் போட்டு வை: கறுப்புக்கு ஒரு முடிச்சு, வெள்ளைக்கு முடிச்சு வேண்டாம். மாத்திரை டப்பாக்களை ஒரே அளவில் வாங்காதே. தெருவைக் கடக்கும்போது நேராகப் பார்க்காதே. கொஞ்சம் வலது பக்கமாகப் பார்த்தால் வண்டி தெரியும். பேசுகிறவரின் காதைப் பார்த்துப் பேசு, அப்போது வாய் லேசாகத் தெரியும். முதலில் எல்லாரும் உன்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். என்னை முன்பே அப்படித்தான் சொன்னார்கள், எனக்குப் புதிதாக நஷ்டம் இல்லை.

எழுத்து கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம். முகம் அப்படி இல்லை. முகத்தைப் பெரிதாக்க முடியாது. அதுதான் முதலில் போகிறது. ஆகவே வீட்டுக்காரரை இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள். அவர் பேசும்போது, சாப்பிடும்போது, தூங்கும்போது. எதற்கு இப்படி முறைக்கிறாய் என்று கேட்டால் சொல்லிவிடு.

நீ வரட்டுமா என்று ஏப்ரலில் கேட்டாய். வராதே என்றேன். இந்தத் தெருவில் உன்னை யாரும் வா என்று கூப்பிட மாட்டார்கள். கண் தெரியாத இரண்டு பேர் ஒரே வீட்டில் என்ன செய்வோம் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வா. கொஞ்ச நாளாவது வந்து இரு.

ஆனால் சீக்கிரம் வா. எனக்கு உன் முகம் தெரியப்போவதில்லை. நீயாவது என் முகத்தைப் பார்த்துக்கொள்.

அக்கா